உறுமலைத் திருத்திய உபகமிட்டி

வாசகர்களே, எல்லோரும் சௌக்கியம்தானே? முழங்கால், பல், வயிறு எல்லாம் எப்படியோ இருக்கட்டும். காது நன்றாகக் கேட்கிறதா? இன்றைக்கு அதுதான் முக்கியம். புளூஸ் கிதாருக்கு ஏற்ற சின்ன வால்வு ஆம்பிளிஃபயர் எது என்ற கேள்வியை உலகத்திலேயே முதன்முதலாக முறைப்படி தீர்த்து வைத்த பெருமை, 1946 மார்ச் மாதம், பெங்களூர் கன்டோன்மென்டில், எங்கள் பேட்டைச் சங்கமான இன்ஸ்டிடியூட்டைத்தான் சேரும். தீர்த்து வைத்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் அதுவரை புளூஸ் கேட்டதில்லை. அதனால்தான் எங்களால் பாரபட்சமில்லாமல் தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

எங்கள் பேட்டையில் டென்சில் என்று ஒருவன். வயது இருபத்தாறு, பேக்கரியில் ரொட்டி சுடும் வேலை. யுத்தத்தின்போது இங்கே முகாமிட்டிருந்த ஒரு கறுப்பு அமெரிக்கச் சிப்பாய் அவனுக்கு புளூஸ் கற்றுக் கொடுத்து, ஊர் திரும்பும்போது தன் எலெக்ட்ரிக் கிதாரையும் அவனிடமே விட்டுப் போனான். புளூஸ் என்றால் பிரமாதமில்லை. வேலை போனவனும் வீடு போனவனும் பெண்டாட்டி போனவனும் மூன்று வரியில் அழுவார்கள். நாம் அதற்குத் தாளம் போட வேண்டும்.

ஊட்டி ஹோட்டல் ஒன்றில் சீசனுக்கு வாசிக்கும் பேண்டின் தலைவர் கிளாரன்ஸ், ஆள் தேடி வந்திருந்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் ஹாலில் தம் பேண்டோடு டென்சிலை வாசிக்க வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு டிரம்பெட்டுக்கு நடுவே கிதார் காதில் விழுந்தால் வேலை டென்சிலுக்கு. விழாவிட்டால் கிளாரன்ஸின் மச்சானுக்கு. மச்சான் வாசிப்பது பாஞ்ஜோ. அது வேண்டாம் என்றாலும் கேட்கும்.

டென்சில் பிளாக்பள்ளியில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடைகளில் ஒரு மாதம் அலைந்து, பத்துப் பதினைந்து ஆம்பிளிஃபயர் பெட்டிகளில் கிதாரைச் செருகிப் பார்த்து, ஒன்றை வாங்கி வந்தான். உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற மூன்று கண்ணாடி வால்வு, பிஸ்கட் டின் அளவு. சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பாதி திருப்பினால் சாதுவாகப் பேசும். முழுக்கத் திருப்பினால் உறுமும். அந்த உறுமல்தான் டிரம்பெட்டைத் தாண்டி வரும் என்று சொன்னான்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஹால் பிளக்கில் வயர் செருக அனுமதி வேண்டுமே. டென்சில் மனு கொடுத்தான். எங்கள் தலைவர் மதலைமுத்து, ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் துண்டுக் காகிதம் கொடுத்தால் கட்டாகத்தான் திரும்பி வரும். ‘பிளக் உபயோகம்’ என்று போன மனு ‘தகுந்த ஆம்பிளிஃபயரைத் தேர்ந்தெடுத்தல்’ என்று திரும்பி வந்தது. உபகமிட்டி அமைந்தது. டீக்குப் பொறுப்பு என்பதால் நானும் அதில் அங்கத்தினர். தொழில்நுட்ப நிபுணராக மல்லேஸ்வரத்திலிருந்து அனந்தபத்மநாபன் வந்தார். முப்பது வருஷம் மின்சார உத்தியோகம். அதற்கு மேல் சங்கீத ரசிகர்.

முதலில் வாடகைக்கு வந்த ஓர் அலமாரி அளவுப் பெட்டியைச் சோதித்தோம். டென்சிலைக் கூப்பிட்டால் பாரபட்சமாகிவிடும் என்று, சோதனைக்குக் கிதார் வைக்கவில்லை. தலைவரே மைக்கைப் பிடித்துச் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தார். தம் குரலை அத்தனை பெரிதாக அவர் கேட்டதே இல்லை, கண் கலங்கிவிட்டார். அந்தப் பெட்டி தலைவரின் உரைகளுக்கு என்று ஏகமனதாகத் தீர்மானமானது. கிதாருக்கு டென்சிலின் டின்னே போதும், ‘உரிய திருத்தங்களுடன்’.

திருத்தம் எது என்று பார்க்க டென்சிலை அழைத்தோம். அவன் குமிழை முழுக்கத் திருப்பி ஒரு தந்தியை மீட்டினான். அனந்தபத்மநாபன் வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

“இது டிஸ்டார்ஷன்ப்பா. கோளாறு. எங்கிட்ட விடு, சரி பண்ணித் தரேன். காசு வேண்டாம்.”

“சார், அது உறுமணும் சார். அதுக்காகத்தான் தேடி வாங்கினேன்.”

“ஜுரத்தை யாராவது தேடி வாங்குவாளா?”

அவரைச் சங்கீதம் அறியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தினமும் காலையில் தம்புராவை மடியில் கிடத்தி, தந்திக்கும் குதிரைக்கும் நடுவே நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, அது கரகரவென்று ரீங்கரிக்கும் இடம் கிடைக்கும்வரை காபிகூடத் தொடமாட்டார். இதைச் சற்றுமுன் டீ குடிக்கும்போது அவரே எங்களிடம் சொல்லியிருந்தார். டென்சிலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

“அப்ப உங்க தம்புராவுக்கு நூல் எதுக்கு சார்?”

“அது ஜீவன்ப்பா.”

“அப்ப இது?”

“ரிப்பேர்.”

சங்கீத சாஸ்திரம் முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

வெள்ளிக்கிழமை டின் குணமாகித் திரும்பியது. குமிழ் பாதிக்கு மேல் திரும்பாதபடி ஒரு திருகாணி; திருகாணி மேல் அரக்கு; அரக்கு மேல் இன்ஸ்டிடியூட் முத்திரை. முத்திரையை உடைத்தால் அனுமதி ரத்து.

அன்று சாயங்காலம் டென்சிலின் மனைவி டோரீன் என் வீட்டுக்கு வந்தாள். “நீங்களாவது சொல்லுங்க ஆன்ட்டி. அந்த மாவுத் தூசுல இருமி இருமியே சாவறாரு. ஊட்டி கிடைச்சா பேக்கரிய விட்டுடுவாரு” என்றாள். எனக்கு மனசு இளகிவிட்டது. விஷயத்தைக் கட்டாயம் கமிட்டி முன் வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தலைவர் தம் அலமாரிப் பெட்டி வழியாக எல்லோரையும் வரவேற்றார். நாலரைக்கு வரவேற்று முடித்தார். பிறகு பேண்ட் வாசித்தது. டென்சிலின் விரல்கள் ஓடின, டிரம்பெட் கேட்டது. அனந்தபத்மநாபன் “எத்தனை சுத்தம் பாருங்கோ” என்று என் காதருகே சொன்னார். உண்மைதான். கேட்காத சத்தத்தில் பிசிறு ஏது? கிளாரன்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். ஆறு மணிக்கு அவருக்கு ரயில்.

டென்சில் அதைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு காலணாவை எடுத்து அரக்கைப் பெயர்த்தான், திருகாணியைக் கழற்றினான், குமிழை முழுக்கத் திருப்பினான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! அடித்தொண்டையில் அடக்கி வைத்த அழுகை பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த மாதிரி இருந்தது. டிரம்பெட்காரர்கள் தாங்களாகவே வாயிலிருந்து டிரம்பெட்டை இறக்கினார்கள். கிளாரன்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். டோரீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவர் எழுந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. இன்ஸ்டிடியூட் சரித்திரத்தில் அவர் சொன்னது கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்தது மெயின் ஸ்விட்சுக்குக் கீழே. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா? எழுந்தேன். இழுத்தேன்.

சூடேறிய வால்வு மின்சாரம் போனாலும் சட்டென்று சாவதில்லை. அந்த ஸ்வரம் இரண்டு மூன்று நொடி தேய்ந்து தேய்ந்துதான் அடங்கியது. மின்விசிறிகூட அதற்கு அப்புறம்தான் நின்றது.

“நல்லா ஆரம்பிச்ச, மேன்” என்றார் கிளாரன்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு. “ஆனா வெறும் ஆரம்பத்துக்கு ஊட்டியில யாரும் சம்பளம் குடுக்க மாட்டாங்க.” மச்சான் பாஞ்ஜோவுடன் ரயில் ஏறினான்.

திங்கட்கிழமை கூட்டத்தில், நிபுணருக்கு நன்றி கூறியும், சமயோசிதமாக ஒழுங்கை நிலைநாட்டியதற்காக என்னைப் பாராட்டியும் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. டோரீன் விஷயத்துக்கு நேரமில்லை. டென்சில் இன்னும் பேக்கரியில்தான் இருக்கிறான். ரொட்டி பிரமாதம். இருமல்தான் நாளுக்கு நாள் கரகரக்கிறது. அந்தக் கோளாறைத் திருத்த இதுவரை எந்த உபகமிட்டியும் அமையவில்லை.

வாசகர்களே, உங்கள் ஊர்க் கமிட்டிகளும் யாரையாவது இப்படி வாழவைத்திருக்கும். எழுதி அனுப்புங்கள். தலைவர் பெயரும் நிபுணர் பெயரும் வேண்டாம். அவர்களுக்குக் கைகள் எப்போதும் சுத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்து ஸ்விட்சை இழுத்தவர் யார் என்பதை மட்டும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.