வைகைக் கரையில் நான் கேட்ட வெள்ளம்

சந்தேகப்படுவதைச் சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சாமர்த்தியத்தோடுதான் கல்யாணமான புதிதில் என் மனைவி சவரியம்மாளுக்கு மதுரையைச் சுற்றிக் காட்டப் போனேன்.

ராயப்பன்பட்டியில் புறப்படும்போதே ஆளுக்கொரு எச்சரிக்கை சொன்னார்கள். கொஞ்சம் அசந்தால் மதுரைக்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிடுவார்களாம். (சொன்னவர்களில் பாதிப் பேர் மதுரையைப் பார்த்ததே இல்லை.) ஊருக்குள் நுழைந்ததும், தாய்வீட்டில் போட்ட சங்கிலியை அவள் கழுத்திலிருந்து கழற்றச் சொல்லி என் தலைப்பாகைக்குள் ஒளித்துவைத்தேன். அது தொலைந்தால் அப்புறம் மாமியார் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

அன்றைக்கு அமர்த்திய வண்டிக்காரர் மேல்தான் முதல் சந்தேகம். நாங்கள் மகாலின் தூண்களை அண்ணாந்து பார்த்தால், அவர் என் தலைப்பாகையை அண்ணாந்து பார்த்தார். கோபுரத்தடியிலும் அதே பார்வை. "ஐயா, உங்க தலையில..." என்று இழுத்தார். வண்டியை மட்டும் கவனித்தால் போதும் என்று வாயை அடைத்தேன். மகாலில் என்ன பார்த்தாய் என்று இன்று கேட்டால், அவர் முகத்தைத்தான் என்னால் சொல்ல முடியும்.

மத்தியானம் வைகைக் கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். ஆற்றில் பெயருக்கு ஒரு வாய்க்கால் ஓடியது. மணலெங்கும் துணி காய்ந்தது. துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சவரியம்மாள் கம்பம் பக்கம் என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் மாறியது. எங்கள் பக்கத்து மலையைக் குடைந்து பெரியாற்றை வைகைக்குத் திருப்பும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. திடீரென்று திறந்துவிட்டால் மதுரை என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு எங்கள் மேல் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் புரையேறியது. மூச்சு முட்டியது. நான் பதறி எழுந்து, ஆற்றைப் பார்த்துக் கையை ஆட்டி, "வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்தினேன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சில வருஷம் மலையாளத்தாரோடு கிடந்தவன் நான். அங்கே குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். மதுரைக்கு அது தெரியுமா? கம்பத்துக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆற்றுக்குள் இருந்த அத்தனை பேரும் கரையை நோக்கி, அதாவது என்னை நோக்கி, ஓடிவந்தார்கள்.

சங்கிலிக்குத்தான் கூட்டமாக வருகிறார்கள் என்று எனக்குப் பட்டது. தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். நான் ஓடுவதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். அவர்களைப் பார்த்து நான்.

கூட்டம் சந்து சந்தாகப் பிரிந்து போனபின் ஒரு தெருமுனையில் மூச்சுவாங்க நின்றபோதுதான், எனக்கு மனைவி என்று ஒருத்தி இருப்பது நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் போனால், வண்டிக்காரர் செம்பில் கொடுத்த தண்ணீரை அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில இருந்து சொல்ல வாரேன், கேக்க மாட்டேங்கிறீக," என்றார் அவர். "சங்கிலி தலைப்பாவுக்கு வெளிய தொங்குதுய்யா."

(புதுப்பெண் அல்லவா, சவரியம்மாள் அதுவரை என்னை நிமிர்ந்தே பார்த்திருக்கவில்லை. அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.) சங்கிலியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது எங்கள் மகள்களைப் பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன நிலம், என்ன படிப்பு என்று நான் நோண்டி நோண்டி விசாரிப்பேன். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, சவரியம்மாள் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"மாப்பிள்ளை வேகமா ஓடுவாகளா?"