சம்பந்தி வீட்டு மார்பிள் மேடை

சம்பந்தி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. பேசினால் வாயாடி என்பார்கள், பேசாவிட்டால் கர்வம் என்பார்கள். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான். (கர்வமெல்லாம் இல்லை, பயம்.) அதனால் போன இடத்தில் எதையாவது கழுவுவேன், துடைப்பேன். அப்படித் துடைக்கப் போய்த்தான் ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

என் மகள் கவிதாவை வீரபாண்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவருடைய தம்பிக்கு ஒரு இடம் கூடி வந்தது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. ஒத்தாசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் மூலனூரிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு முந்தின நாளே போய் இறங்கினேன்.

சம்பந்தியம்மா என்னை நேராகச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். வீடு கட்டும்போது ஆசைப்பட்டு வெள்ளை மார்பிளில் மேடை போட்டிருந்தார்கள். இப்போது அது பளபளப்புப் போய், அடுப்போரம் பழுப்பேறிக் கிடந்தது.

"பாருங்க சம்பந்தி, போன தடவ வந்தவங்க இங்க வந்து நின்னு இந்தக் கல்லத்தான் பாத்தாங்க. போனவங்க போனவங்கதான். பையனுக்கும் வயசு ஏறிட்டே போகுதுங்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்ன பண்றதுன்னே தெரியலீங்க" என்றார். பெரிய வீட்டு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரும் கவிதாவும் பூ, பழம் வாங்கக் கிளம்பினார்கள். வீட்டில் நானும் அந்தக் கல்லும் மட்டும்.

பித்தளைக் குத்துவிளக்கு மங்கினால் என்ன செய்வோம்? புளி போட்டுத் தேய்ப்போம். விளக்குக்குச் சரியென்றால் கல்லுக்கும் சரிதானே. ஒரு கை புளியைக் கரைத்து, இரண்டு எலுமிச்சம்பழ மூடியையும் சேர்த்துக்கொண்டு, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய சிவப்புக் கட்டிங் துணியால் அழுத்தித் தேய்த்தேன். மெல்ல நுரை வந்தது. எத்தனை வருஷத்து அழுக்கோ, பொங்கி வருகிறதே என்று பூரித்துப்போய் இன்னும் அழுத்தினேன். (பொங்கியது அழுக்கில்லை, புளிப்புப் பட்ட கல்.)

கழுவிவிட்டு, காய்ந்ததும் பார்த்தேன். முன்பு மங்கலாக இருந்த மேடை இப்போது குருடாகிவிட்டது. என் கை போன வழியெல்லாம் சொரசொரவென்று வெள்ளைத் திட்டு. திட்டுக்கு நடுவில் துணியின் சாயம் இறங்கி, வெற்றிலை துப்பிய மாதிரி ரோஸ் நிறம். சாயப்பட்டறை ஊரில் இருந்துகொண்டு ஈரச் சிவப்புத் துணியை வெள்ளைக் கல்லில் வைத்தவள் நானாகத்தான் இருப்பேன்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று தோன்றியது. பளபளத்தது, உண்மைதான். நான் பெருமூச்சு விடுவதற்குள் கல் அவ்வளவு எண்ணெயையும் குடித்துவிட்டு, தோசை அகலத்துக்குக் கறுத்துப்போனது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. கண்ணில் பட்டது முருங்கைக்காய்க் கட்டு. அவிழ்த்து மேடை முழுக்கப் பரப்பி, அதன் முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, முருங்கக்காய எதுக்குப் பரப்பி வெச்சிருக்கறீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"காத்தாடட்டுமுங்க."

"நின்னுட்டே இருக்கறீங்களே, உக்காருங்க."

"இல்லீங்க. நின்னாத்தானுங்க எனக்குச் சௌரியம்."

"அம்மா, தள்ளு, கொழம்புக்கு ரெண்டு காய் எடுக்கோணும்" என்று கவிதா நடுவிலிருந்து உருவினாள். கறுப்புத் தோசை தெரிந்தது. அவள் ஒவ்வொரு காயாக எடுக்க எடுக்க, சம்பந்தியம்மா குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கல்லு உங்களுக்குப் புடிக்கலீங்களா, சம்பந்தி?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவரும் அழ, கவிதா இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

மாப்பிள்ளைதான் போன் போட்டு, பக்கத்தில் புதுக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ராஜஸ்தான்காரர் ஒருவரை வரவழைத்தார். அவர் தண்ணீர் விட்டு பாலிஷ் மிஷினை ஓட்ட ஓட்ட, சமையல்கட்டு முழுக்கப் பால் மாதிரிக் கல் கரைசல் ஓடியது. சுவரெல்லாம் தெறித்தது. ஆனால் கல்லில் முகம் தெரிந்தது. எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. எண்ணெயை இழுக்க அதன்மேல் சோடா மாவைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கையெலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவது போலப் போட்டுவிட்டார். மீதி இடத்துக்குக் கறை பிடிக்காமலிருக்க ஏதோ ஒரு தண்ணி பூசினார்.

"நாளைக்கு முழுக்க ஒண்ணும் வைக்காதே, அம்மா. புளி நை, நிம்பு நை, மோர் நை. வச்சா எல்லாம் காலி" என்றார்.

(நிம்பு என்றால் எலுமிச்சையாம், நை என்றால் கூடாதாம்.) எனக்கு அது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைப் பிரித்தபோது கறை போயிருந்தது. சமையலைப் பின்பக்கம் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி முடித்தோம். நான் மேடைக்குக் காவல்.

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா கையில் மோர் டம்ளரோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தபடி சமையல்கட்டுக்குள் வந்தார். பின்னாலேயே எல்லோரும். "கல்லு நல்லா இருக்குதுங்க" என்றார். சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அம்மா மோர் டம்ளரை மேடையை நோக்கி இறக்கினார்.

"வெக்காதீங்க!"

அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது. அதுவரை அப்படி ஒரு சத்தம் அதிலிருந்து வந்ததில்லை. அந்த அம்மா டம்ளரை அந்தரத்தில் பிடித்தபடி சிலையாக நின்றார். மாப்பிள்ளையின் தம்பி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சாமி, கல்லு குடிச்சுப் போடுமுங்க" என்றேன். அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. சம்பந்தியம்மாவும் சாப்பிடவில்லை. சாயந்திரம் பெண்ணின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எனக்குக் கேட்கட்டும் என்று மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒரு கல்லுக்கே அந்தப் பதறு பதறுறாங்க. எம் பொண்ண எப்படிப் பாத்துக்குவாங்கன்னு தெரிஞ்சு போச்சுங்க. எங்களுக்குச் சம்மதமுங்க."

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழ ஆரம்பித்தார். நானும்தான்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. கதை இரண்டு வீட்டுச் சொந்தத்திலும் பரவிவிட்டது. இப்போது என் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி குடித்த டம்ளரைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நிற்கிறார்கள். "வெக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது வெறும் கறுப்புக் கடப்பைக் கல். நான் வெட்கத்தோடு தலையாட்டும்வரை அவர்கள் வைப்பதில்லை.