தலைதீபாவளி ஹெல்மெட்

"பட்டு வேட்டி வேண்டாமுங்க மாப்பிள்ளை, காத்துல பறக்கும். பேன்ட் போட்டுக்குங்க" என்றார் திருமலைசாமி.

சூலூரிலிருந்து தலைதீபாவளிக்கு வந்திருந்த உதய் மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டு வந்தான். போன தீபாவளிக்குத் திருமலைசாமியின் வேட்டி தீப்பிடித்து, தெருவே கூடி அணைத்தது. அந்த மானக்கேடு போகட்டும். மகள் பிரத்யுஷாவின் புருஷனை முழு மீசையோடு ஊருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் மாமனார் ஒரு வெடிகூட வெடிக்க விடவில்லை என்று சம்பந்தி வீட்டில் பேச்சும் வரக்கூடாது.

வாசலில் நாலு வாளித் தண்ணீர், ஒரு மூட்டை மணல். மாப்பிள்ளை தலையில் ஹெல்மெட். கையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி, அதன் நுனியில் ஊதுபத்தி.

தொரட்டி நடுங்கியது. கனமாக்கும் என்று திருமலைசாமியும் பின்னால் நின்று பிடித்தார். இருவருமாகச் சேர்ந்து எதிர்வீட்டுக் கோலத்தைக் கலைத்ததுதான் மிச்சம்.

ஒருவழியாகத் திரி பற்றியது. புஸ்ஸென்றது. அவ்வளவுதான்.

அடுத்ததும் புஸ். சரவெடியும் புஸ்.

"ஏனுங்ணா, உங்கூட்டுப் பட்டாசுக்குச் சளி புடிச்சுக்கிச்சுங்களா?" என்றாள் எதிர்வீட்டு நாச்சியம்மாள்.

திருமலைசாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுப்புப் பக்கம் ஆகாதென்று பட்டாசுப் பெட்டியைக் குளியலறையில் வைத்தவர் அவர்தான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது.

வெடியை எடுத்துப் பார்க்கக் குனிந்தார். உதய் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"தொடாதீங்க மாமா! அணைஞ்சாப்பல இருக்கும், திடீர்னு வெடிச்சுப்போடுமுங்க!"

சொன்னதோடு நிற்காமல் நாலு வாளித் தண்ணீரையும் தூக்கி ஊற்றினான். பக்கத்திலிருந்த பெட்டியும் நனைந்து, மிச்சப் பட்டாசும் போச்சு.

"மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை. உங்க தலைதீபாவளிய நானே கெடுத்துப்போட்டேன்." திருமலைசாமி காலி வாளிகளை ஓரமாக அடுக்கினார்.

ஹெல்மெட்டைக் கழற்றிய உதயின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "இத்தனை நல்ல தீபாவளி எனக்கு வந்ததே இல்லீங்க மாமா!"

எவ்வளவு பெருந்தன்மை! மகள் தங்கமான இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனவர், வீட்டு வேலைக்கு வரும் ராமாமணியைக் கூப்பிட்டார்.

"இனிமேல் பட்டாசைக் குளியலறையில வெக்கவே கூடாது. எல்லாம் நமத்துப்போச்சு."

ராமாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது நமத்துப் போகலீங்கய்யா. மத்தியானம் நம்ம மாப்பிள்ளைதான் ஒவ்வொண்ணா அண்டாவுல முக்கியெடுத்து, திரிய மட்டும் ஃபேன் காத்துல காயவெச்சு, மறுபடியும் பெட்டியில அடுக்குனாருங்க!"