ரிஜெக்ட் வேதாசலமும் ஒரு புள்ளத்துணியும்

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் போட்ட மாலை வாடுவதற்குள் வேதாசலம் ஒரு முடிவுக்கு வந்தார். பொங்கலுக்குள் ஹாலில் இருக்கும் தறி வெளியே போயாக வேண்டும். தறியா நானா, ஒரு கை பார்த்துவிடுவது. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய முடிவே தேவைப்பட்டிருக்காது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். தையல் ஒரு நூல் கோணினாலும், இடது கால் நிறத்துக்கும் வலது கால் நிறத்துக்கும் அரிசி அளவு வித்தியாசம் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் திருப்பி அனுப்பிய ஷூக்களை வரிசையாக வைத்தால் வாணியம்பாடி வரைக்கும் தரையில் கால் படாமல் நடந்து போகலாம் என்று ஷூ தைக்கிற லைனில் பேசிக்கொள்வார்கள். ‘ரிஜெக்ட் வேதாசலம்’ என்று பேர். கேலியாக வைத்த பேரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஓய்வுக்குப் பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் அவர் பல வருஷமாக யோசித்து வைத்திருந்தார். ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. எதிரே டிவி. மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தூக்கம். அவ்வளவுதான். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்பே ஃபேனுக்கு நேர் கீழே தறி வந்து உட்கார்ந்துவிட்டது.

கொண்டு வந்தவள் அவர் மனைவி அமிர்தவள்ளி. குடியாத்தத்துக்காரி. லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள். ஒருமுறை உறவுக்காரரைப் பார்க்க வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வடகிழக்கு மாநிலத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்திருந்த ஒரு பெண் கைக்குழந்தையை மார்போடு துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசி நடந்து போனதைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் டோக்கன் வாங்கினாள், டீ குடித்தாள், செருப்பு வார் மாட்டினாள். குழந்தை அசையவில்லை. அமிர்தவள்ளி அவளை நிறுத்தி, துணியைத் தொட்டுப் பார்த்து, அகலத்தைச் சாணில் அளந்துகொண்டு வீடு வந்தாள். அடுத்த மாதம் தறி வந்தது.

அதில் அவள் நெய்த துணி புடவையைவிடக் கொஞ்சம் குட்டை, அகலம் புடவையில் பாதிக்கு மேல். கழுத்தில் உறுத்தாத மெத்தென்ற பருத்தி. பக்கத்து வீட்டு பில்கிஸ் அதைப் போனில் படம் எடுத்துப் போட்டாள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போகிற தாய்மார்கள் கேட்க ஆரம்பித்தார்கள். படத்தில் பில்கிஸ் அதற்கு ‘பேபி ராப்’ என்று பேர் போட்டிருந்தாள். அமிர்தவள்ளி ‘புள்ளத்துணி’ என்றாள்.

வேதாசலத்துக்கு அது வேறு கதை. அவள் நெய்ய ஆரம்பித்த பிறகு தோசையில் நெய் போயிற்று. டிவியில் செய்தி வாசிப்பவர் வாயசைப்பார், தறிச் சத்தம் பேசும். நாற்காலி பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கியது. அதில் உட்கார்ந்து தூங்க முயன்றவரை, போகிறவர்களும் வருகிறவர்களும் காலை மடக்கச் சொன்னார்கள்.

அவர் திட்டம் எளிமையானது. ‘வள்ளி, உன் துணியை நான் செக் பண்ணித் தர்றேன்’ என்று வலியப் போய்ச் சொன்னார். வருகிற துணியை எல்லாம் ரிஜெக்ட் செய்துகொண்டே இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவளுக்கு வெறுத்துப்போகும். தறி தானாக வெளியேறும். கெட்ட பேரும் வராது.

அமிர்தவள்ளி, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவைப் பிடித்த கையோடு அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “உங்க கண்ணு வேற யாருக்கு வரும். செய்ங்க” என்றாள்.

அந்தப் பார்வை எதற்கு என்று அவர் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

முதல் துணியைக் கையில் வாங்கியதும் பழக்கதோஷத்தில் இதன் ஜோடி எங்கே என்று கேட்டுவிட்டார். பில்கிஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவமானத்தைக் காட்டிக்கொள்ளாமல் ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து, சாக்பீஸால் குற்றங்களை வட்டம் போட்டார். ஓரம் நேராக இல்லை. இங்கே குறுக்கே போகிற ஊடை நூல் தளர்ந்திருக்கிறது. அங்கே ஒரு முடிச்சு. ரிஜெக்ட். கூடவே கம்பெனி சட்டம் ஒன்றையும் கொண்டு வந்தார். ரிஜெக்ட் ஆன சரக்கை வெட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் அது எப்படியாவது கடைக்குப் போய்ப் பேரைக் கெடுத்துவிடும். அமிர்தவள்ளி அதற்கும் தலையாட்டினாள்.

வெறுத்துப்போவாள் என்று பார்த்தால், அவள் வட்டம் போட்ட இடங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தறியில் உட்கார்ந்தாள். அடுத்த துணியில் ஓரம் கோடு போட்டது போல வந்தது. அதற்கடுத்ததில் முடிச்சு இல்லை. அவர் ரிஜெக்ட் செய்யச் செய்யத் துணி தேறியது. துணி தேறத் தேற ஆர்டர் ஏறியது. ஐப்பசி வந்தபோது வேதாசலம் ஒரு குற்றம் கண்டுபிடிக்க அரைநாள் கண்ணில் தண்ணீர் வரத் தேட வேண்டியிருந்தது. கம்பெனியில்கூட அவர் இப்படி உழைத்ததில்லை. சம்பளமும் கிடையாது.

அப்படி ஒரு மத்தியானம்தான் அது நடந்தது.

வெயில். தூக்கம் கெட்டிருந்தது. டிவியில் மேட்ச் கடைசி ஓவர், தறிச் சத்தத்தில் யார் ஜெயித்தார்கள் என்றே தெரியாமல் முடிந்திருந்தது. அமிர்தவள்ளி ஒரு துணியைக் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். மாந்தளிர்ப் பச்சை. ஓரத்தில் செங்கல் நிறத்தில் மெல்லிய கோடுகள். மற்ற துணிகளை மேஜையில் போட்டுவிட்டுப் போகிறவள் அன்றைக்கு நின்றாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. நுனியைப் புரட்டினார். ஓரத்தில் எள்ளளவு முடிச்சு ஒன்று கட்டைவிரலில் தட்டியது.

“ரிஜெக்ட்.”

“விரிச்சே பாக்கலயே.”

“முடிச்சு இருக்குது. விரிச்சா இன்னா, விரிக்காட்டி இன்னா?”

 அவள் தறிப் பலகையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். துணியை இரண்டாக வெட்டினாள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து நாலாக வெட்டினாள். வெட்டியதை அழகாக மடித்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். போன பிறகு தறி அன்று முழுக்க ஓடவில்லை. வேதாசலம் நிம்மதியாகத் தூங்கினார்.

சாயங்காலம் பில்கிஸ் காம்பவுண்டு சுவர் பக்கமாக வந்து நின்றாள். எப்போதும் சிரித்துக்கொண்டு பேசுகிறவள், அன்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“ஏன் அண்ணா அப்படிப் பண்ணீங்க? அது ஆர்டர் துணி இல்ல. அம்பிகா வயித்துல இருக்கிற குழந்தைக்கு அக்கா நெய்ஞ்சது.”

அம்பிகா அவர்களுடைய ஒரே மகள். ஓசூரில் இருந்தாள். தை மாதம் பிரசவம்.

 எனக்கு யாரும் சொல்லவில்லையே என்றார் வேதாசலம்.

“சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல. இத்தினி துணி பாத்துருக்காரு, ஒண்ணுத்தையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல, இதைப் பாத்தா தன்னால சொல்லுவாரு பாருன்னு அக்கா எங்கிட்ட சொல்லினு இருந்திச்சு.”

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அமிர்தவள்ளி எப்போதும் போலப் பரிமாறினாள், குழம்பு போதுமா என்று கேட்டாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார். அடுத்து வந்த நாட்களில் அந்த நாலு துண்டுகளையும் ஒட்ட வைத்துத் தைத்தால் என்ன என்று தையல்காரரிடம் விசாரித்தார். குழந்தையைச் சுமக்கிற துணியில் ஒட்டு வைத்தால் எங்கே பிரியும் என்று யாருக்கும் தெரியாது என்றார் தையல்காரர். வேதாசலத்துக்கே அது தெரியும். ஒட்டுப் போட்ட ஷூவையே அவர் விட்டதில்லை. துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தேடித் தேடிப் பார்த்தார். அந்த முடிச்சைத் தவிர வேறு குற்றம் அதில் இல்லை. பச்சைக்குள் இன்னொரு பச்சை ஓடிக்கொண்டிருந்தது. விரித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கடைசியில் தறிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இன்னொன்று நெய்யக் கூடாதா என்று கேட்டார். நெய்யலாம்தான், ஆனால் தறியில் ஆர்டருக்கு நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஓடுகிறது, அது முடிந்ததும் அடுத்த பாவு காத்திருக்கிறது, பங்குனிக்கு முன்னால் தறி காலியாகாது என்று அவள் நாடாவை நிறுத்தாமலே சொன்னாள்.

“அப்போ இன்னொரு தறி வாங்கினா?”

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அமிர்தவள்ளி அப்போதுதான் நாடாவை நிறுத்தினாள். எங்கே போடுவது என்று கேட்டாள். படுக்கையறையில் போடலாம், கட்டிலை எடுத்துவிட்டால் இடம் தாராளம், நான் எங்கேயாவது சுருண்டுகொள்கிறேன் என்றார் வேதாசலம். ஒரு தறியை வெளியே தள்ள வந்தவர் இன்னொரு தறியைப் படுக்கையறை வரைக்கும் கைபிடித்து அழைத்து வந்தார்.

குடியாத்தத்தில் பழைய தறி வாங்கி விற்கிற அமீர் பாஷா என்பவரின் விலாசத்தை அமிர்தவள்ளி கொடுத்தாள். வேதாசலம் மறுநாளே பஸ் ஏறினார். பேரைச் சொன்னதும் அமீர் பாஷா அவரைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய், சாக்கு போட்டு மூடியிருந்த ஒரு தறியைக் காட்டினார்.

“இதான் சார் உங்களுது. உங்க வூட்ல ஆடி மாசமே வந்து பாத்து வெச்சிட்டுப் போய்ட்டாங்க. யாருக்கும் தள்ளிடாதீங்க, எங்க வூட்டுக்காரரே ஒருநாள் வந்து எடுத்துனு போவாருன்னாங்க.”

ஆடி மாசத்தில் வேதாசலம் செக்கிங் ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகியிருக்காது.

குட்டி யானையில் தறியை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினார். பின்னால் தறி கடகடவென்று சிரித்துக்கொண்டே வந்தது. தான் ரிஜெக்ட் செய்வது எதற்காக என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சம்பளமில்லாத சூப்பர்வைசராக வைத்து வேலை வாங்கியிருக்கிறாள். அதுகூடப் போகட்டும். அந்தப் பச்சைத் துணியை வெட்டியதும் இந்தத் தறிக்காகத்தானா? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் மனசு தவித்தது. ஏமாந்தோம் என்று இருந்துவிடலாம். பாவம் செய்தோம் என்று இருக்க முடியவில்லை.

தறியை இறக்கி வைத்ததும் நேராகக் கேட்டார். எல்லாம் உன் ஏற்பாடுதானா என்றார்.

அமிர்தவள்ளி தறியின் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தறி வேணும்னு நெனச்சேன். நீங்களே ஒருநாள் கொண்டாந்து வெப்பீங்கன்னும் தெரியும். மனுசன் கெட்டவரு இல்ல, கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான். ஆனா துணியை அதுக்காக வெட்டல. நீங்க விரிச்சிப் பாக்கலயேன்னு வெட்டினேன். அது வேற, இது வேற.”

 வேதாசலம் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றக் கற்றுக்கொண்டார். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றுகிற வேலை. இழுத்துச் சுற்றினால் அறுந்தது, விட்டுச் சுற்றினால் நழுவியது. அதே பச்சைச் சாயம் கிடைக்காமல் இரண்டு முறை குடியாத்தம் போய் வந்தார். கிடைத்தது கொஞ்சம் அடர்த்தி. மாந்தளிர் இல்லை, மாவிலை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அமிர்தவள்ளி நூலைப் பார்த்தாள், பாவு போட்டாள்.

அம்பிகா பிரசவத்துக்கு வருவதற்கு முன்தினம் அமிர்தவள்ளி துணியைத் தறியிலிருந்து இறக்கினாள். கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். இந்த முறை வேதாசலம் முழுக்க விரித்தார். ஹாலுக்கு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக விரித்து, குனிந்து, முழங்காலில் தவழ்ந்து பார்த்தார். பில்கிஸ் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்குது வள்ளி” என்றார். குரல் உடைந்தது. “ரொம்ப நல்லாருக்குது. பாஸ்.”

அமிர்தவள்ளி அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது. பிறகு குனிந்து துணியின் நடுவில் விரல் வைத்தாள். அங்கே மிளகு அளவில் ஒரு முடிச்சு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சற்றுத் தள்ளி ஊடை விட்டுப் போயிருந்தது.

“இதெல்லாம் தெரியலயா?”

“தெரிஞ்சிது. பரவால்ல.”

“வீட்டுத் துணிக்கு பரவால்ல. நம்ம புள்ளதான்” என்று அவள் துணியை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “ஆனா இப்படிப் பாத்தீங்கன்னா ஆர்டர் துணிக்கு ஆவாது. நாளையிலருந்து செக்கிங் பில்கிஸ் பாக்கட்டும். நீங்க தார் மட்டும் சுத்துங்க.”

வீட்டில் யார் பாஸ் என்பது வேதாசலத்துக்கு அப்போது முழுசாகப் புரிந்தது. கையிலிருந்த சாக்பீஸைப் பில்கிஸிடம் கொடுத்தார். எப்படி வட்டம் போட வேண்டும் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில் பில்கிஸ் போட்ட முதல் வட்டம், அவர் சுற்றிய தாரில்.