ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பவர்

திறந்து பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. வெண்டை விதையை ஊன்றிவிட்டு மறுநாள் காலையிலேயே மண்ணைக் கிளறி, முளைத்துவிட்டதா என்று பார்ப்பார்கள். இட்லிப் பானை மூடியை நாலு முறை தூக்கி ஆவியையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, மாவு சரியில்லை என்பார்கள். இந்த இனத்தில் நன்றாக முற்றிய வகை ஒன்று இருக்கிறது: வீட்டிலேயே பழ ஐஸ்கிரீம் செய்கிறவர். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். கடலோர நல்லவாடு கிராமத்துச் சிந்தாமணிக்கு அப்படி ஒருவர் கணவராகவே வாய்த்துவிட்டார்.

கமலக்கண்ணன் விசைப்படகு ஓட்டுகிறவர். வருஷத்தில் பத்து மாதம் அவரைக் கடல் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால், அறுபத்தொரு நாளைக்கு அந்தப் பொறுப்பு சிந்தாமணியின் தலையில் வந்து விழும். போன வருஷத் தடையில் மிக்சியைக் கழற்றிப் பூட்டினார். இரண்டு திருகு மிச்சம் வந்தது. இந்த வருஷம் போனில் ஒரு பெண்மணி மாம்பழ ஐஸ்கிரீம் செய்து காட்டினாள். வெளியிலோ மாம்பழம் மலிந்து கிடந்த நேரம். கேட்க வேண்டுமா?

செய்து அவரே சாப்பிட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமான மகள் ரஞ்சனி தன் மாமனார் மாமியாரோடு முதல் முறையாக விருந்துக்கு வருகிறாள். கடையில் ஒரு பெரிய டப்பா வாங்கி வைத்துவிடலாம் என்றாள் சிந்தாமணி. கமலக்கண்ணன் உடனே போனை எடுத்தார்.

"சம்பந்தி, நம்ம வூட்டுக்குள்ள கடை ஐஸ்கிரீம் நுழையாது. அத்தினியும் பவுடரு. நான் என் கையால செய்றேன், வந்து சாப்ட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் சம்பந்தியம்மாள் "பாப்போம் பாப்போம்" என்று சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. அந்த இரண்டு "பாப்போ"மும் சிந்தாமணியின் காதிலேயே உட்கார்ந்துகொண்டன. ஐஸ்கிரீம் தண்ணீராய் வந்து நின்றால், தீபாவளி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டியே மகளை ஒரு வழி பண்ணிவிடுவார்களே!

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கமலக்கண்ணன் மாம்பழத்தை அரைத்து, கிரீமை அடித்து, டின் பாலை ஊற்றி, எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தார். எட்டு மணி நேரம் தொடவே கூடாது என்று அந்தப் பெண்மணி கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

ஐந்தே காலுக்குத் திறந்தார்.

அதன் பிறகு அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. திறப்பார், குளிர் புகையாய் வெளியே வந்து தரையில் இறங்கும், டப்பாவை எடுப்பார், மூடியைக் கழற்றுவார், விரலால் குத்துவார், ஸ்பூனால் கிளறுவார், ஒரு வாய் நக்குவார், முகத்தைச் சுளிப்பார், திரும்ப வைப்பார், கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நிற்பார். ஒன்பது மணிக்குள் பதினாலு முறை. இறுகாததற்கு அவரிடம் காரணத்துக்கா பஞ்சம்? முதலில் கரண்ட் லோ வோல்டேஜ். பிறகு ஃப்ரிட்ஜ் பழசு. பிறகு மாம்பழத்தின் ஜாதி.

"இந்தாய்யா, அதக் கொஞ்சம் சும்மா வுடேன்" என்றாள் சிந்தாமணி.

"ஒனக்கு இன்னாடி தெரியும்? கவனிச்சிக்கினே இருக்கணும்."

இதே மனிதர் படகில் எப்படி என்று கேளுங்கள். கரை சேருகிற வரை மீன் போட்ட ஐஸ் பெட்டியை யாரும் தொடக் கூடாது. "மூடியத் தொறந்தீன்னா கைய ஒடிச்சிடுவேன்டா" என்று கத்துகிற கத்தலில் மொத்தப் படகும் நடுங்கும். அந்த ஞானமெல்லாம் கரையில் கால் வைத்ததும் எங்கே போகிறதோ!

ஒன்பதரைக்கு அவர் குளிக்கப் போனார். சிந்தாமணி அதற்காகவே காத்திருந்தாள். டப்பாவிலிருந்ததை வேறொரு டப்பாவில் கொட்டி, இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள். அவள் மீன் விற்கிறவள். தடை இல்லாத நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனுக்காக வாங்கிய ஐஸ் கட்டி வாசலில் இருந்தது. அதை உடைத்து, இன்னும் மீன் வாடையே அறியாத புதுப் பெட்டியில் போட்டு, கல் உப்பை அள்ளிக் கொட்டி, நடுவில் டப்பாவைப் புதைத்து மூடினாள். உப்பு போட்டால் ஐஸின் வேகம் ஏறும் என்பதை அவளுக்கு எந்தப் பெண்மணியும் போனில் வந்து சொல்ல வேண்டியதில்லை. கணவரின் பழைய டப்பாவில் மாம்பழச் சாற்றையும் பாலையும் கலந்து ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு புதுப் பெட்டியைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய், அதன் மேலேயே உட்கார்ந்து மீன் ஆய்ந்தாள்.

குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு ஃப்ரீசரைத் திறந்தார். ஒரு ஸ்பூன் நக்கினார்.

"சிந்தா! பாத்தியா? இப்பத்தான் டேஸ்ட்டு கூடி வருது!"

பன்னிரண்டரைக்குச் சம்பந்திகள் வந்தார்கள். கமலக்கண்ணனை அவர்களோடு நாற்காலியில் உட்காரவைத்து, வந்தவர்களுக்கு முதலில் மாம்பழ ஜூஸ் கொடுத்தாள் சிந்தாமணி. எந்த ஜூஸ் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று மணி நேரமாக ஸ்பூன் ஸ்பூனாக நக்கிக்கொண்டிருந்த மனிதர் அதை முழு டம்ளர் குடித்துவிட்டு, "ஜூஸு நல்லாக்கிதே, எப்பப் போட்ட?" என்றார்.

சாப்பாடு முடிந்து ஐஸ்கிரீம் வந்தது. ஸ்பூன் இறங்க மறுத்தது. சம்பந்தியம்மாள் ஒரு வாய் வைத்தாள், இரண்டாவது வாய் வைத்தாள், மூன்றாவது கிண்ணத்தில்தான் பேச வாயைத் திறந்தாள்.

"அண்ணே, இது எப்பிடி இப்பிடி வந்துச்சு?"

சிந்தாமணிக்கு அப்பாடா என்றிருந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. கமலக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் கவனிப்பும்மா. வெச்சமா வந்தமான்னு இருக்கக் கூடாது. அப்பப்பத் தொறந்து தொறந்து பாக்கணும்."

ரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சம்பந்தியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, நீங்க சொன்னாப்பல காலையிலேந்து பத்து நிமிசத்துக்கு ஒரு வாட்டி தொறந்து பாத்துக்கினுதான் இருக்கேன். இன்னும் தண்ணியாவே இருக்குதே?"

"பத்து நிமிசமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் கமலக்கண்ணன். "அதாம்மா தப்பு. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வாட்டி தொறங்க!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: இங்கே வந்து சேருவதற்கு முன்பே, முடிவு என்ன ஆகிறது என்று இந்தக் கடைசி வரியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?