முன்னே மட்டும் போகும் வண்டி

"என்னங்க, அருவி போயிடுச்சு!"

"அருவி எங்கேயும் போகலை. நாமதான் போறோம்" என்றார் மாஸ்டர், பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படுக்கை, அடுப்பு, குளியலறை, மனைவி, மைத்துனன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அந்த வாடகைக் கேரவன் அருவியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அப்புறம் பாறை. அப்புறம் வெறும் மரங்கள்.

"ஏன் அத்தான் நிறுத்தலை?" என்றான் மைத்துனன். மருந்துக்கடை வைத்திருப்பவன். அருவியில் குளிக்கத் தோளில் துண்டு போட்டுத் தயாராக நின்றிருந்தான்.

"இடமில்லை."

"ரெண்டு வண்டிக்கு நடுவுல நல்லாவே இருந்துச்சே! அங்க நின்ன ஆள்கூட 'அப்படியே ரிவர்ஸ்ல வாங்க'ன்னு கையைக் காட்டினாரே!"

"அந்த ஆள் கையைக் காட்டின விதமே சரியில்லை" என்று மாஸ்டர் பேச்சை முடித்தார்.

அந்த ஆளின் கையில் ஒரு கோளாறும் இல்லை. மாஸ்டருக்கு அந்த வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இதை வெளியே சொல்ல முடியுமா? ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவருடைய ஓட்டுநர் பள்ளியில் கற்றவர்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பதையே ஊர் மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். காரை ரிவர்ஸ் எடுப்பதில் அவர் புலி. ஒரு கையைப் பக்கத்து இருக்கையின் மேல் போட்டு, கழுத்தைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே ஒரே வீச்சில் எடுத்துவிடுவார். மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். "பக்கக் கண்ணாடி தலை வாரத்தான்யா. கழுத்தைத் திருப்பு, கழுத்தை!" என்பார்.

கேரவனில் கழுத்தைத் திருப்பினால் அடுப்பு தெரிந்தது. அடுப்புக்குப் பின்னால் துணி அலமாரி தெரிந்தது. அதோடு சரி. மிச்சமிருந்தவை வெளியே முறம் மாதிரித் தொங்கிய இரண்டு பக்கக் கண்ணாடிகள். அவற்றைப் பார்த்து ஓட்டினால் அவர் ஒரு பக்கம் திருப்ப, வண்டியின் வால் இன்னொரு பக்கம் போனது. வாடகைக்கு எடுத்த இடத்திலேயே, மனைவி வந்து சேர்வதற்குள், ஒருமுறை முயன்று பார்த்தார். ஒரு தண்ணீர் டிரம் உருண்டது. "பிரேக் பிடிக்குதான்னு பார்த்தேன்" என்று அங்கிருந்தவரிடம் சொல்லிவிட்டு, அந்த நிமிஷமே முடிவெடுத்தார். இந்தப் பயணம் முழுக்க முன்னால் மட்டும்தான்.

மைத்துனனுக்குத் தெரிந்தால் மருந்துக்கடைக்குத் தெரிந்த மாதிரி. மருந்துக்கடைக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. அப்புறம் பள்ளியை இழுத்து மூடிவிட்டு முகத்தில் துணி போட்டுக்கொண்டுதான் வெளியே போக வேண்டும்.

"போகட்டும், விடுங்க" என்றாள் மனைவி. "எனக்குக் கோட்டைதான் வேணும். அதை மட்டும் விட்டுடாதீங்க."

அந்தக் கோட்டை அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பழைய காலண்டரில் இருந்தது. காலண்டரின் வருஷம் எப்போதோ முடிந்துபோனது. அவள் கழற்றவில்லை. ஓட்டுநர் பள்ளியின் போனை எடுப்பதும் வகுப்புகளுக்கு நேரம் குறிப்பதும் அவள்தான். ஊரெல்லாம் ஓட்டக் கற்றுக்கொண்டு எங்கெங்கோ போய்வந்தபோது அவள் அடுப்படியில் நின்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை அந்தக் கோட்டை உச்சியில நிறுத்தாம நான் ஊர் திரும்ப மாட்டேன்" என்றார் மாஸ்டர். மனதாரத்தான் சொன்னார்.

அடுத்தது அரண்மனை. வாசலில் காவலாளி சல்யூட் அடித்து உள்ளே விட்டார். நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி வட்டப் பாதை. வந்திருந்த வண்டிகள் எல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அப்படி நிறுத்த ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். மனைவி தலையை வாரிக்கொண்டாள். மைத்துனன் கதவுப் பிடியில் கை வைத்தான். வண்டி நீரூற்றை ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடியும் வாசல் வந்தது. அதே காவலாளி மறுபடியும் சல்யூட் அடித்தார், ஆனால் குழப்பத்தோடு.

"என்ன அத்தான் இது?"

"நாலு பக்கமும் பார்த்தாச்சு இல்ல? இறங்கி நடந்தா ஒரு பக்கம்தான் தெரியும்."

டீசல் போடும் இடத்தில் டேங்க் மூடி எதிர்ப்பக்கமாக அமைந்துவிட்டது. "கொஞ்சம் பின்னால எடுத்து அந்தப் பக்கமா வாங்க சார்" என்றார் டீசல் போடுகிறவர்.

"உங்க டீசலே எனக்கு வேண்டாம்" என்று மாஸ்டர் கிளம்பிவிட்டார். டீசல் முள் கீழே இறங்க இறங்க, அவருடைய பிடிவாதம் மேலே ஏறியது.

அன்று இரவு தங்க ஏரிக்கரையில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே அழகான இடம். கதவைத் திறந்தால் தண்ணீர். ஆனால் மரங்களுக்கு நடுவே வண்டி பின்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். மாஸ்டர் நிறுத்தாமல் ஏரியைச் சுற்றினார்.

"காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பார்க்கறேன்" என்றார்.

மறுபடியும் சுற்றினார். படகுக்காரர் ஒருவர் முதல் சுற்றில் கையசைத்தார், அடுத்த சுற்றில் சிரித்தார், அதற்கடுத்த சுற்றில் துடுப்பை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றிப் பார்த்தார். கடைசியில் நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய் வண்டி ஓய்ந்தது. அங்கே நேரே நுழைந்து நேரே வெளியே போகலாம். டீசலும் சரியான பக்கத்தில் கிடைத்தது. ஏரிக்குப் பதிலாக லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மூவரும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள்.

"அக்கா, அத்தானைக் கவனிச்சியா?" என்று மைத்துனன் மெதுவாக ஆரம்பித்தான். "எங்கேயாவது நிறுத்தணும்னு வந்தா போதும், கழுத்தைத் திருப்பிப் பின்னால பார்க்கறார். உடனே பெருமூச்சு விடறார். இது கழுத்து வலியேதான். இறங்கி நடக்க முடியலை, அதான் எல்லா இடத்தையும் தாண்டித் தாண்டிப் போறார்."

மனைவி பதறிப்போனாள். "ஆமாங்களா? வலிக்குதா? ஏன் சொல்லலை?"

மாஸ்டருக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. "லேசா" என்றார்.

அந்த 'லேசா' போதுமானதாக இருந்தது. மைத்துனன் ஊருக்குக் கிளம்பினால் பாதிக் கடை கூடவே கிளம்பும். இரண்டு மாத்திரைகள் மாஸ்டரின் வாய்க்குள் போயின. கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் ஒரு தைலம் கழுத்தில் ஏறியது. அதற்கு மேல் ஒரு கனத்த கழுத்துப் பட்டையை மாட்டி இறுக்கினான். நன்றாக இருந்த கழுத்து அதற்குப் பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது.

காலையில் பட்டையோடு இறங்கிப்போய் ஒரு லாரிக்காரரிடம் கோட்டைக்கு வழி கேட்டார்.

"சுலபம் சார். முன்வாசல் வழியா ஏறி பின்வாசல் வழியா இறங்கிடலாம். வண்டியைத் திருப்பவே வேண்டாம்."

மாஸ்டருக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பட்டை இடித்ததால் கையை மட்டும் குலுக்கினார்.

மலைப்பாதை குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச் சுவர். மனைவி முன்னிருக்கையில் உட்கார்ந்து மடியில் கை கோத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபடியே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் கோட்டை கொஞ்சம் பெரிதானது.

"காலண்டர்ல இருக்கற மாதிரியே இருக்குங்க" என்றாள். சின்னப் பெண் குரலில் சொன்னாள். மாஸ்டருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வளைவில் இன்னொரு கேரவன் இறங்கி வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றன.

கோட்டைக் காவலாளி ஓடிவந்தார். "பின்வாசல்ல ரிப்பேர் வேலை சார். ஏறுறவங்களும் இறங்குறவங்களும் இந்த ஒரே வழிதான். ரெண்டுல ஒரு வண்டி கொஞ்சம் பின்னால போங்க. உங்களுக்குப் பின்னாலயும் ஒதுங்க இடமிருக்கு, அவருக்குப் பின்னாலயும் இருக்கு."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய பாடம். "மலைப்பாதையில ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டிதான் வழி விடணும். போய் அவரைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க."

காவலாளி போனார், திரும்பி வந்தார். "அவர் வாயே திறக்க மாட்டேங்கறார் சார். கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு, நியூஸ்பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டார்."

"திமிரு!" மாஸ்டர் இன்ஜினை நிறுத்தினார். "எவ்வளவு நேரம் படிக்கறார்னு நானும் பார்க்கறேன்."

எதிர்வண்டிக்காரர் நிறையவே படித்தார். பக்கத்தைக்கூடப் புரட்டாமல் படித்தார். மாஸ்டர் ஹாரன் அடித்தார். பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. காவலாளி கீழே போய் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்கத் திரும்பி வந்தார்.

"சார், இன்னும் கொஞ்ச நேரத்துல மேல கதவைச் சாத்திடுவாங்க. இங்கேயிருந்து நடந்து போற தூரமும் இல்லை. பெரிய மனசு பண்ணி நீங்களாவது எடுங்களேன்."

"அவரால எப்படிங்க எடுக்க முடியும்?" என்று மைத்துனன் அத்தானுக்குப் பரிந்துகொண்டு வந்தான். "கழுத்தைப் பாருங்க! திரும்பவே முடியாது."

காவலாளி அப்போதுதான் பட்டையைக் கவனித்தார். "ஐயையோ! இந்தக் கழுத்தோடயா மலை ஏறினீங்க? இருங்க, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன்."

"அதெல்லாம் வேண்டாம்!" என்று மாஸ்டர் அலறினார்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி, காவலாளியிடம்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கோட்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"கோட்டை வேண்டாங்க. உங்க கழுத்தை விடவா அது பெரிசு? இவ்வளவு வலியைப் பொறுத்துக்கிட்டு எனக்காக இங்கே வரைக்கும் ஓட்டிட்டு வந்தீங்களே, எனக்கு அது போதும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டருக்குத் தெரிந்தது.

இல்லாத ஒரு வலிக்காக அவள் தன் கோட்டையைக் கொடுக்கிறாள். தான் ஒரு பெயரைக் காப்பாற்ற அருவியை, அரண்மனையை, ஏரியை எல்லாம் பறித்தாயிற்று. இதையும் பறித்துக்கொண்டு ஊருக்குப் போய் யாருக்கு மாஸ்டராக இருப்பது? வெட்கமாக இருந்தது. ஆனால் தீர்மானமாகவும் இருந்தது.

பட்டையைக் கழற்றி ஸ்டியரிங் மேல் வைத்தார். இறங்கி, எதிர்வண்டியை நோக்கி நேராக நடந்தார். பின்னாலேயே மனைவி ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் மைத்துனன், அவனுக்குப் பின்னால் காவலாளி. மாஸ்டர் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே பேப்பர் நடுங்கியது.

"சார், சட்டம் கிடக்கட்டும்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே. "என் கழுத்துக்கு ஒண்ணுமில்லை. எனக்கு இந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. அதை மறைக்கத்தான் எங்கேயும் நிறுத்தாம இவங்களை இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். ஊர்ல ஓட்டுநர் பள்ளி நடத்தறவன் நான், சொல்ல வெக்கமாதான் இருக்கு. ஆனா என் வீட்டுக்காரி இந்தக் கோட்டையைப் பார்த்தே ஆகணும். தயவு செஞ்சு நீங்க கொஞ்சம் பின்னால எடுங்க."

மனைவி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கழுத்து நிஜமாவே நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்டர் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"அப்பாடா!" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

உள்ளே பேப்பர் மெல்ல மெல்ல இறங்கியது. வழுக்கைத் தலையும் தடித்த மீசையுமாக ஒருவர். மாஸ்டரைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்து நிற்கப்போய்க் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். கண்ணாடியை இறக்கினார்.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர், எனக்கும் தெரியாது. நான் உங்ககிட்டதானே ஓட்டக் கத்துக்கிட்டேன்."