மீன்தொட்டிக்குத் தைத்த கோட்டு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள், குளிர்கிறது. இதுவும் குளிர்காலத்துக் கதைதான். ஒரு தையல்காரர் பதினொரு மீன்களுக்காக அளவெடுத்த கதை. கேட்டுவிட்டுச் சிரிப்பதா, ஐயோ பாவம் என்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலையில் தையல்காரர் மாடிக்கு ஏறிப் பார்த்தபோது மீன்களெல்லாம் தொட்டியின் அடியில் படுத்திருந்தன. பளபளவென்று திரிகிற நீலப் பொடிமீன்கள் பத்தும், பழைய சட்டைபோலச் சாயம் போய்க் கிடந்தன. பெரிய ஏஞ்சல் மீன் மடித்த குடைபோல மூலையில் சாய்ந்திருந்தது.

தொட்டி வீட்டுக்காரருடையது. கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். மாடியில் அவரும் மனைவியும், கீழே பத்தொன்பது வருடமாகத் தையல்காரரின் கடை. கடையின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பாரா மாட்டாரா என்று கப்பல்காரர் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மகள் வீட்டுக்கு மூன்று நாள் பயணமாகக் கிளம்பும்போதுதான் சாவியை நீட்டிச் சொன்னார்:

"என் பிள்ளைங்களைப் பாத்துக்க. கடை விஷயம் வந்து பேசிக்கலாம்."

வீட்டுக்காரம்மா, இரவல் வாங்கியிருந்த கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு காகிதம். "மீன்கடைக்காரர் நம்பர், தம்பி. மீனுக்கு ஏதாவதுன்னா அவரைக் கூப்பிடுங்க. நீங்க மண்டையை உடைச்சுக்காதீங்க."

இருபத்தாறு டிகிரி இருக்க வேண்டிய தண்ணீர் பதினேழு காட்டியது. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. தையல்காரர் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். ம்ஹூம். வயர் தொட்டியைத் தாங்கும் அலமாரிக்குப் பின்னால் போயிற்று. தண்ணீரோடு அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

குளிர்ந்தால் சூடாக்க வேண்டியதுதானே. ஒரு பானை வெந்நீர் போட்டு ஊற்றினார். ஏஞ்சல் மீன் கண்ணாடியில் முட்டி, ஒரு குட்டிக்கரணம் அடித்து, பக்கவாட்டில் மிதந்தது. அப்போதுதான் காகிதம் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, வெந்நீரா ஊத்தினீங்க?" என்றார் மீன்கடைக்காரர். "மீனைக் காப்பாத்தணுமா, கொழம்பு வைக்கணுமா? மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல ஏறக்கூடாது. தீனி போடாதீங்க, வெளக்கை அணைங்க. காத்து மட்டும் ஓடிக்கிட்டே இருக்கணும்."

"புது ஹீட்டர் குடுங்களேன்."

"ஸ்டாக் இல்ல. வர நாலு நாள் ஆகும். எதுக்கு வம்பு? நான் வந்து எல்லாத்தையும் எங்க கடைத் தொட்டிக்கு அள்ளிக்கிட்டுப் போறேன்."

கப்பல்காரர் வந்து காலித் தொட்டியைப் பார்த்தால் ஒப்பந்தத்தை எந்தக் கையால் நீட்டுவார்? "மீன் இந்த வீட்டுப் படியைத் தாண்டாது" என்றார் தையல்காரர்.

"நல்லா யோசிச்சுக்கோங்க அண்ணே" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே.

தையல்காரர் வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் தொட்டியில் மிதக்கவிட்டார். ஆறாவது புட்டியில் தண்ணீர் பொங்கி வழிந்து, மரத் தரையின் இடுக்கில் இறங்கி, கீழே வக்கீலுக்காக வெட்ட விரித்திருந்த கறுப்புத் துணியில் சொட்டியது. துணியைக் காயவைக்க இஸ்திரிப்பெட்டி, மேலே வெந்நீர்க் கெட்டில். இரண்டும் ஒன்றாக ஓடியதில் ஃபியூஸ் போயிற்று. மேலே காற்று மோட்டார் நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

அந்த நேரம் பார்த்துக் கப்பல்காரரின் போன்.

"பிள்ளைங்க எப்படி இருக்கு?"

"மேல வந்து பாக்குதுங்க சார்."

"என்னைத் தேடுது, பாவம். இங்க பேத்தி விளையாடக் கூப்பிடுறா. எனக்கு மனசே ஒட்டலை."

ஃபியூஸ் போடுகிறவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்றார். தையல்காரர் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றத் தொடங்கினார், காற்று கலக்கட்டும் என்று. கோட்டு வாங்க வந்த வக்கீல் கடையில் ஆளைக் காணாமல் மாடிக்கே வந்துவிட்டார்.

"நாளைக்குக் கோர்ட்டு. என் கோட்டு எங்கய்யா?"

"கை வலிக்குது சார். இதைக் கொஞ்சம் பிடிங்க."

வக்கீல் குவளையை வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அரை மணி நேரம் மொண்டு ஊற்றினார்.

தையல்காரர் அதற்குள் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். புட்டியை உள்ளே விட்டால் தண்ணீர் வழிகிறது. வெளியிலிருந்தே சூடு ஏற வேண்டும், அதுவும் மெல்ல. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். நீளம் நாலடி, உயரம் ஒன்றரை. கைகள் இல்லாத வாடிக்கையாளர், வேலை சுலபம். பஞ்சை நடுவில் வைத்து, கையிலிருந்த ஒரே கனமான துணியில் வெட்டினார். கத்தரிக்கோலின் நடுவில் பல் விழுந்ததுபோல ஒரு பள்ளம். வெட்டுகிற இடமெல்லாம் சிக்கியது. "இந்தம்மா இதால எதை வெட்டுச்சோ" என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தார். சுற்றிலும் பன்னிரண்டு பை, பைக்கு ஒரு வெந்நீர்ப் புட்டி. மீனைப் பார்க்க முன்னால் ஒரு திறப்பு, அதற்கு மூன்று பொத்தான்.

கோட்டு ஏறியதும் வக்கீலின் கை நின்றது. "இது என் துணியாச்சே."

"உங்களுதுதான் சார்."

"உன் மேல கேஸ் போடுவேன்."

"கோட்டு இல்லாம எப்படி சார் வாதாடுவீங்க?"

வக்கீல் யோசித்துவிட்டு மறுபடி மொண்டு ஊற்றினார்.

மணிக்கு ஒருமுறை புட்டி மாற்றினார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஃபியூஸ்காரர் வந்தார், காற்றும் வந்தது. மறுநாள் மத்தியானம் இருபத்தாறு. நீலம் ஒவ்வொன்றாகத் திரும்பியது. ஏஞ்சல் மீன் நிமிர்ந்து, பொத்தான் திறப்பு வழியாகத் தையல்காரரை ஒரு பார்வை பார்த்தது. அவருக்குக் கண் கலங்கியது. நூல் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கப்பல்காரர் வந்தார். கோட்டு போட்ட தொட்டியைப் பார்த்தார், பொத்தானைக் கழற்றி மீன்களை எண்ணினார். பதினொன்று. தையல்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன்னை விட்டா எனக்கு ஆளே கிடையாது. கடை உனக்குத்தான், பாதி. இன்னொரு பாதியைத் தடுத்து நாலு பெரிய தொட்டி வைக்கப்போறேன். நீதான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்."

தையல்காரர் தலையாட்டியபடி கீழே வந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று தேற்றிக்கொண்டு, கத்தரிக்கோலின் பள்ளத்தைத் தீட்ட உட்கார்ந்தார். வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்து, வாசற்படியில் பெட்டியின் மேல் சோர்ந்து உட்கார்ந்தார்.

"மீனை விட்டுட்டு மகளோட வந்து இருக்கமாட்டேன்னு ஆறு வருஷமா இவர் அடம், தம்பி. மீன்கடைக்காரர்கிட்ட எல்லாம் பேசி வச்சிருந்தேன். அவர் அள்ளிக்கிட்டுப் போயிருந்தா, கடை, மாடி எல்லாத்தையும் உங்க பொறுப்புல விட்டுட்டு, நாங்க பேத்தியோடயே இருந்திருப்போம்" என்றவர், தையல்காரர் தீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "உங்க கத்தரிக்கோலை நான் எதுக்கு இரவல் வாங்கினேன்னு நினைச்சீங்க? அலமாரிக்குப் பின்னால அந்த வயரைப் போய்ப் பாருங்க."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு ஆறாமல் இருக்கட்டும்; பேத்தி கூப்பிட்டால் போகிற மனசு பெரியவர்களுக்கு இருக்கட்டும்; உங்களிடம் இரவல் போனதெல்லாம் கூர் மழுங்காமல் திரும்பி வரட்டும். எல்லோரும் நன்றாயிருங்கள்.